மண் வேட்கை

திருவண்ணாமலையைப் பற்றி எழுதப் புகுகிறவர்கள் எல்லாரும் நெருப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஐந்து பூதங்களுக்கு ஐந்து ஸ்தலங்கள் என்று வகுத்த நம் முன்னோர், மண்ணைக் காஞ்சிபுரத்துக்குக் கொடுத்தார்கள். நீரைத் திருவானைக்காவுக்கும், காற்றைக் காளத்திக்கும், வானைத் தில்லைக்கும் பங்கிட்டார்கள். அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தது நெருப்பு. கார்த்திகை தீபத்தன்று மலையுச்சியில் கொப்பரை ஏறிச் சுடர் எழும்போது, கீழே லட்சக்கணக்கான கைகள் ஒரே சமயத்தில் குவிகின்றன. அந்தக் காட்சியைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் இங்கே எழுதப்போவது மண்ணைப் பற்றி. வீடு கட்டுகிற மண்ணோ, பானை வனைகிற மண்ணோ அல்ல. பெண்கள் யாரும் பார்க்காத நேரத்தில் வாயில் போட்டுக்கொள்கிற மண்.

முகம் சுளிக்க வேண்டாம். நம்மில் பலருடைய தாய்மார்கள் இதைச் செய்திருப்பார்கள், சொல்லியிருக்க மாட்டார்கள். முதல் மழை விழுந்ததும் மண்சுவரிலிருந்து எழுகிற வாசனைக்கு நாக்கு ஊறுகிறது. அடுப்புக் கட்டியைப் பெயர்த்து ஒரு துண்டு, கரையான் புற்றிலிருந்து ஒரு விள்ளல், சாம்பலில் ஒரு சிட்டிகை, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பையிலிருந்து ஒரு பல்பம், அரிசிப் பானையிலிருந்து ஒரு பிடி பச்சரிசி என்று ஆளுக்கொரு ருசி. கோயில் ஊர்களில் இந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேருகிறது. அது திருநீறு.

ஒரு பௌர்ணமி மறுநாள், கூட்டம் கலைந்த காலை வேளையில், கோயிலுக்கு அருகே கற்பூரமும் விபூதிக் கட்டியும் விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் வியாபாரம் எப்படி என்று விசாரித்தேன். "திருநாள்னா வெளியூரு ஜனம் வாங்கும். மத்த நாள்ல இந்த ஊருப் பொண்ணுங்கதான் சாமி. வாயும் வயிறுமா இருக்கிறதுங்க வந்து வாங்கிட்டுப் போவும். நெத்திக்குன்னு நெனைச்சீங்களா? பாதி வாய்க்குத்தான்" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரிப்பில் கேலி இல்லை. தானும் அந்த வழியாக வந்தவள் என்ற பரிவுதான் இருந்தது. பிரசாதத்தை வாயில் போட்டுக்கொண்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் அல்லவா? சங்கரன்கோயிலில் புற்றுமண்ணே பிரசாதம். பக்தர்கள் நெற்றியிலும் இட்டுக்கொள்கிறார்கள், ஒரு துளி வாயிலும் இட்டுக்கொள்கிறார்கள். பக்தியின் துளி எங்கே முடிகிறது, உடம்பின் ஆசை எங்கே தொடங்குகிறது என்பது அந்தப் பெண்ணுக்கு மட்டுமே தெரியும்.

இந்த ஆசை இன்று நேற்று வந்ததன்று. கருவுற்ற பெண்ணின் ஆசைக்குத் தமிழில் தனியாகவே ஒரு பழஞ்சொல் உண்டு. 'வயா' என்பது அது. மிகுந்த வேட்கையையே அந்தச் சொல் குறிக்கும் என்று தொல்காப்பியம் உரியியலில் சொல்லி வைத்திருக்கிறது. இன்று நாம் மசக்கை என்கிறோம். குறுந்தொகையில் நிறைமாதக் கர்ப்பிணி பச்சைப் புளிக்கு ஏங்குகிறாள். புறநானூற்றிலோ அவள் மண்ணுக்கே ஏங்குகிறாள்.

புறநானூற்றின் 20-ஆம் பாட்டைச் சொல்கிறேன். குறுங்கோழியூர் கிழார், யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்ற சேர அரசனைப் பாடியது. உன் நாட்டு மண்ணைப் பகைவர் யாரும் உண்டதில்லை. வயா உற்ற மகளிர் விரும்பி உண்டால்தான் உண்டு என்பது புலவரின் கருத்து. உண்ணுதல் என்ற ஒரே சொல்லில் நாட்டைக் கவர்வதையும் வாயால் தின்பதையும் சேர்த்து வைத்து விளையாடிவிட்டார். உ. வே. சாமிநாதையர் 1894-ல் புறநானூற்றை அச்சிட்டுக் கொடுத்த நாளிலிருந்து இந்தப் பாட்டை அரசனின் வீரத்துக்குச் சான்றாகப் பலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். எனக்கு அது வேறொன்றுக்கும் சான்றாகப் படுகிறது. ஏறக்குறைய 2,000 வருஷங்களுக்கு முன்பே, கர்ப்பிணிகள் மண் தின்பது ஊரறிந்த சங்கதியாக இருந்திருக்கிறது. சபையில் அரசன் முன்னால் சொல்லக்கூடிய அளவுக்கு வழக்கமாக இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் அந்த உவமை எடுபட்டிருக்குமா?

வடமொழிக் கவியும் இதை விட்டுவைக்கவில்லை. காளிதாசனின் ரகுவம்சத்தில், சுதட்சிணை ரகுவைச் சுமந்திருக்கும்போது மண் உண்கிறாள். தனிமையில் அவள் வாயருகே வரும் மண்வாசனையை முகர்ந்து முகர்ந்து திலீபனுக்கு அலுக்கவில்லை. பிறக்கப்போகிற பிள்ளை பூமியை ஆளப்போகிறான், அதனால்தான் தாய்க்குப் பூமியின்மேல் ஆசை வந்தது என்று கவி காரணமும் கற்பித்துவிட்டார். மண்ணைத் தின்ற கண்ணனின் வாய்க்குள் யசோதை அண்டத்தையே பார்த்த கதையைச் சொல்ல வேண்டியதில்லை. புலவர்கள் மண் தின்றவளை அழகாகத்தான் பார்த்தார்கள். ஆனால் அவள் ஏன் வெளுத்திருக்கிறாள், நாலு படி ஏறினால் ஏன் மூச்சு வாங்குகிறது என்று அவர்கள் கேட்கவில்லை.

கேட்டவர்கள் வைத்தியர்கள். சரக சம்ஹிதை, பாண்டு என்னும் வெளுப்பு நோயை ஐந்தாகப் பிரிக்கிறது. அந்த ஐந்தில் ஒன்று மண் தின்பதால் வருவது. தின்ற மண் செரிக்காமல் உடம்பின் நாளங்களை அடைத்துவிடுகிறது, பலமும் நிறமும் போய்விடுகின்றன என்று அந்த நூல் விளக்குகிறது. சிகிச்சையில் ஒரு தந்திரமும் உண்டு. எவ்வளவு சொல்லியும் ஆசையை விட முடியாதவருக்கு, வேப்பிலை, வாய்விடங்கம் முதலான மருந்துகளை ஏற்றிய மண்ணையே கொடுக்கச் சொல்கிறார் சரகர். கசப்பிலே ஆசை வெறுப்பாக மாறட்டும் என்று. பால் மறக்கடிக்க வேப்பெண்ணெய் தடவுகிற நம் பாட்டிமார்களின் யுக்திதான் இது.

பாண்டுவுக்கு ஆயுர்வேதமும் சரி, நம் சித்த வைத்தியமும் சரி, எந்த மருந்தை முன்னால் வைத்தன என்பதைக் கவனியுங்கள். அயச்செந்தூரம் என்பது இரும்பு. அன்னபேதிச் செந்தூரம் என்பதும் இரும்பு. மண்டூரம் என்பது இரும்பு உருக்கிய பழைய உலைக்களங்களில் கிடக்கிற கிட்டம். அதைச் சுத்தி செய்து புடம் போட்டுக் கொடுத்தார்கள். ரத்தத்தில் இரும்பு இருக்கிறது என்று எந்தக் கண்ணாடிக் குழாயும் அவர்களுக்குக் காட்டவில்லை. வெளுத்தவர் இரும்பு தின்றால் சிவக்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

ஐரோப்பாவும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் வந்தது. அங்கே வயதுவந்த பெண்களைப் பீடித்த வெளிறல் நோய்க்குப் 'பச்சை நோய்' என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் சிடன்ஹாம் என்ற ஆங்கில வைத்தியர் இரும்புத் தூளைத் திராட்சை மதுவில் ஊறவைத்துக் கொடுத்தார். 1832-ல் பிரெஞ்சுக்காரரான பிளோ தம்முடைய மாத்திரையை வெளியிட்டார். அதில் இருந்த சரக்கு என்ன தெரியுமா? நம் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று விற்கிற அதே இரும்பு உப்புதான். உணவல்லாததைத் தின்னும் ஆசைக்கு மேல்நாட்டு வைத்தியர்கள் வைத்த பெயர் 'பைகா'. லத்தீனில் அது ஒரு பறவையின் பெயர். காக்கை இனத்தைச் சேர்ந்த அந்தப் பறவை கண்டதையெல்லாம் கொத்துமாம்.

ஆனால் அதே ஐரோப்பியர்கள் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் செய்ததையும் சொல்லாமல் விடக்கூடாது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த அடிமைகள் அங்கே மண் தின்றார்கள். வெளுத்தார்கள், வீங்கினார்கள், செத்தார்கள். முதலாளிகள் அவர்களுக்கு இரும்பு கொடுத்தார்கள் என்பது உண்மைதான். மருந்தாக அல்ல, வாய்ப்பூட்டாக! மண் தின்ன முடியாதபடி இரும்பு முகமூடியை முகத்தில் மாட்டிப் பூட்டினார்கள். உள்ளே போயிருக்க வேண்டிய இரும்பு வெளியே தொங்கியது. மனிதகுல வரலாற்றில் இதைவிடக் கொடிய விகடம் வேறு இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டில் இந்தப் பழக்கத்தை முதலில் விரிவாக ஆராய்ந்து எழுதியவர்கள் டேவிட் ஹூப்பர், ஹெரால்ட் மான் என்ற இருவர். ஹூப்பர் உதகமண்டலத்தில் சென்னை ராஜதானியின் கொயினா ரசாயன நிபுணராக இருந்துவிட்டுக் கல்கத்தாவுக்குப் போனவர். மான் தேயிலை ஆராய்ச்சியாளர். 1906-ல் வங்காள ஆசியக் கழகத்தின் வெளியீடாக இந்தியாவில் மண் தின்னும் பழக்கம் பற்றிய அவர்கள் கட்டுரை வந்தது. தேயிலை ஆராய்ச்சியாளருக்கு இதில் என்ன அக்கறை என்று தோன்றலாம். தோட்டத்துக் கூலிகள் வெளுத்துச் சோர்ந்தால் கொழுந்து யார் கிள்ளுவது?

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் தமிழ்ப் பெண்களின் கதையும் இதுதான். அங்கே 1916-ல் ராக்பெல்லர் நிறுவனம் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. கொக்கிப்புழு மண்ணில் வாழ்ந்து, பெரும்பாலும் வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே புகுந்து, குடலில் பல்லைப் பதித்து ரத்தம் குடிக்கிறது. ரத்தம் போனால் இரும்பு போகிறது. ஆக, காலில் செருப்பில்லாத ஏழைக்கு மண் இரண்டு வழியில் வந்து சேர்கிறது; காலின் வழியாகப் புழுவாகவும், வாயின் வழியாக ஆசையாகவும்.

இனி ஒரு கேள்வி. மண் தின்பதால் சோகை வருகிறதா, சோகை இருப்பதால் மண் தின்னத் தோன்றுகிறதா? விதை முந்தியா மரம் முந்தியா என்பதைப் போன்ற வழக்கு இது. சரகர் முதல் கட்சி. இரண்டாவது கட்சிக்கு வலு சேர்த்தவர் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இருந்த லான்ஸ்கோவ்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர். மண் தின்னும் குழந்தைகளுக்கு இரும்பு ஊசி போட்டார். ஓரிரு வாரங்களில் அந்த ஆசையே போய்விட்டது என்று 1959-ல் எழுதினார். இரும்புக்காகத்தான் உடம்பு மண்ணைக் கேட்கிறது என்று பலரும் முடிவு கட்டினார்கள். ஆனால் 1962-ல் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையில், இரும்பு ஊசி போட்ட குழந்தைகளுக்கும் வெறும் உப்புநீர் ஊசி போட்ட குழந்தைகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 1968-ல் துருக்கியைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி, சில களிமண் வகைகள் வயிற்றில் இருக்கும் இரும்பை ரத்தத்தில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்று காட்டியது. பிகாரில் பிறந்த ஆனந்த பிரசாத், ஈரானில் மண் தின்று, வெளுத்து, வளர்ச்சி குன்றிய இளைஞர்களைக் கண்டு 1961-ல் எழுதினார். அந்த ஆராய்ச்சி அவரைத் துத்தநாகக் குறையில் கொண்டுபோய் நிறுத்தியது. குமட்டலை மண் கொஞ்சம் அடக்குகிறது என்பாரும் உண்டு.

ஆகவே இரண்டு கட்சியும் பாதிப் பாதி ஜெயித்திருக்கின்றன. சோகை பிடித்த உடம்புக்கு மண்ணாசை வருகிறது. அது ஏன் என்பது இன்னும் முழுக்கத் துலங்கவில்லை. தின்ற மண்ணோ, சோற்றில் இருந்த கொஞ்சநஞ்ச இரும்பையும் தடுக்கிறது. நாக்குப்பூச்சியின் முட்டைகளையும் சில இடங்களில் ஈயத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. தாகம் என்று உப்புநீரைக் குடித்தவன் கதைதான். குடிக்கக் குடிக்கத் தாகம்.

செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பால்தானே, அதைத் தின்றால் சேராதா என்று கேட்கலாம். மண்ணில் இருப்பது துருப்பிடித்த இரும்பு. குடல் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இந்த உண்மையைத் திருவண்ணாமலையைவிட நன்றாக எடுத்துச் சொல்லக்கூடிய ஊர் வேறில்லை.

கிருத யுகத்தில் நெருப்பாகவும், பிறகு மாணிக்கமாகவும், பொன்னாகவும் இருந்த அண்ணாமலை கலியுகத்தில் கல்லாயிற்று என்கிறது ஸ்தல வரலாறு. அந்தக் கணக்கில் இரும்பு இல்லை. ஆனால் ஊருக்கு அண்மையில் உள்ள கவுத்தி மலையிலும் வேடியப்பன் மலையிலும் காந்தம் இழுக்கிற இரும்புப் பாறை படிந்து கிடக்கிறது. பழைய தென்னார்க்காடு, சேலம் ஜில்லாக்களின் மலையடிவாரங்களில் நம் ஆட்கள் துருத்தி ஊதி இரும்பு உருக்கியது மிகப் பழங்கதை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி. மு. 2172 வரை போகிறது என்று 2022-ல் தமிழக அரசு அறிவித்தது. வெள்ளைக்காரர்கள் வந்ததும் பெரிய உலைகள் வந்தன. ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். 1853-ல் 4 லட்சம் பவுன் முதலீட்டில் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி எழுந்தது. அது கட்டிய உலைகளில் ஒன்று, அப்போது தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்த திருவண்ணாமலையில் எரிந்தது. கரிக்கு மரம் வெட்டி வெட்டிக் கட்டுப்படி ஆகாத தொழில் அது. 1858-ல் உலை அணைந்துவிட்டது. நம் காலத்தில், 2000-க்குப் பிறகு, கவுத்தி மலையை வெட்டி இரும்பு எடுக்க மறுபடியும் திட்டம் போட்டார்கள். சுற்றுப்புறத்து ஜனங்கள் எதிர்த்தார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று.

மலையில் கிடக்கும் இரும்புக்காக இத்தனை கம்பெனி, இத்தனை முதலீடு, இத்தனை வழக்கு! அந்த மலையின் நிழலில் புல் அறுக்கும் பெண்ணின் உடம்பில் இருக்க வேண்டிய இரும்பு எவ்வளவு? மொத்தமாக 3 கிராமுக்குச் சற்று முன்பின். ஓர் ஆணி செய்யப் போதும், அவ்வளவுதான். அதிலே மாதந்தோறும் கொஞ்சம் போகிறது. ஒவ்வொரு மில்லிலிட்டர் ரத்தத்தோடும் அரை மில்லிகிராம் இரும்பு கழிகிறது. ஒரு பிள்ளையைச் சுமந்து பெற ஏறக்குறைய 1 கிராம் கூடுதலாக வேண்டும். சோறும் குழம்பும் தின்கிறவளுக்கு, உணவில் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் ஒட்டினால் பெரிது. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அதுவும் குறையும். ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் கூடும். ஆனால் வீட்டில் அவளுக்கு எந்தப் பந்தி? கடைசிப் பந்தி. புருஷனும் பிள்ளைகளும் உண்டபின், சட்டியில் கீரை மிஞ்சினால் கீரை, இல்லாவிட்டால் சாற்றை வழித்துக்கொண்டு ஒரு வாய். ஈரலும் சுவரொட்டியும் ரத்தம் ஊறும் என்று தெரிந்த வீடுகளிலும் அவை அவள் இலைக்கு வருவது பிள்ளை பெற்ற சில நாட்களில் மட்டும்தான். ஒரு ஆணியின் இரும்பை இந்தச் சமுதாயத்தால் அவளுக்குச் சேர்த்துக் கொடுக்க முடியவில்லை.

முயற்சி நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளிப் பெண்களின் கர்ப்பகாலச் சோகையை ஆராய்ந்தார். குன்னூர் ஆராய்ச்சிக்கூடத்திலும் வேலை செய்தார். இரும்புக் குறையால் வராத ஒருவகைச் சோகை ஈஸ்ட் சாரத்தால் குணமாகிறது என்று அவர் கண்டதுதான் பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. அதையும் இரும்பையும் சேர்த்த சத்து மாத்திரையை 1970 முதல் மத்திய சர்க்கார் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்து வருகிறது. 2018-ல் வகுத்த திட்டப்படி, நான்காம் மாதத்திலிருந்து 180 நாளும், பிள்ளை பெற்றபின் 180 நாளும், தினம் ஒரு மாத்திரை. அதில் 60 மில்லிகிராம் இரும்பு. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987-ல் தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டம், பணத்தோடு இரும்புச் சத்து டானிக் வைத்த பெட்டகத்தையும் கொடுக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு கணக்கு என்ன? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53.4 பேருக்கு ரத்த சோகை. கர்ப்பிணிகளில் 48.3. ஆஸ்பத்திரியும் மாத்திரையும் எட்டாத நாடு அல்ல இது. மாத்திரையை விழுங்கினால் வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று பயந்து பல பெண்கள் பரணில் போட்டுவிடுகிறார்கள். ஏன் கறுக்கிறது, அதனால் கெடுதல் இல்லை, ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும். சுகாதார செவிலியர்கள் சொல்கிறார்கள். மாமியாரும் புருஷனும் சொன்னால் இன்னும் சீக்கிரம் காதில் ஏறும்.

மண் தின்பவளைப் பார்த்தவர்களை வரலாறு இரண்டு வரிசையில் நிறுத்திக் காட்டுகிறது. ஒரு வரிசையில் இருப்பவர்கள் அவளைப் பார்த்து ரசித்தார்கள், அல்லது கேலி செய்தார்கள், அல்லது வாயைப் பூட்டினார்கள். இன்னொரு வரிசையில் இருப்பவர்கள் அவள் கண்ணிமையைக் கீழே இழுத்து உட்புறம் சிவப்பாக இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார்கள். இரண்டாவது வரிசை எப்போதும் சின்னதாகவே இருந்திருக்கிறது.

வீட்டில் ஒரு பெண் சுவரைச் சுரண்டுவதையோ, விபூதிப் பையை அடிக்கடி திறப்பதையோ கண்டால் அதட்ட வேண்டாம். மசக்கை என்று சிரித்துவிட்டும் போக வேண்டாம். அவள் வெட்கப்பட்டு மறைத்துக்கொண்டால் நோயும் கூடவே மறைந்துகொள்ளும். பிரசவத்தன்று, கொஞ்சம் ரத்தம் போனாலே தாங்காத உடம்பாக அது வெளிப்படும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சொட்டு ரத்தத்தைப் பரிசோதிக்க ஐந்து நிமிஷம் ஆகாது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்திருந்தால் மருந்து வேண்டும் என்று அர்த்தம். அன்றிரவு முதல் அவளும் மற்றவர்களோடு முதல் பந்தியிலேயே உட்காரட்டும்.